முன்பின் தெரியாத ஆயிரம் பேர் சொல்லும் தீர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதைப் பற்றிய கேள்விகள் இவை?

ஒரு போட்டோ, அரை நிமிட வீடியோ, அல்லது ஒருவர் தன் பக்கத்தை மட்டும் சொல்லி எழுதிய பத்து வரி. சம்பந்தப்பட்ட யாரையும் அறியாத ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சில மணி நேரத்துக்குள் "இவன்தான் குற்றவாளி", "அந்த அம்மா மேல்தான் தப்பு", "பேசாம பிரிஞ்சிடுங்க" என்று முடிவு சொல்லிவிடுகிறார்கள். அந்த முடிவை எந்த அளவுக்கு நம்பலாம், எங்கே அது உதவும், எங்கே ஆளைக் கொல்லும் என்பதுதான் விஷயம். தொழில்நுட்ப நிறுவனங்களைத் திட்டுவது இங்கே நோக்கம் இல்லை. அதற்கு வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

கூட்டமாகச் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஆய்வே இருக்கிறதே?

இருக்கிறது. 1906-ல் இங்கிலாந்தின் பிளைமவுத் நகரில் கால்நடைக் கண்காட்சி நடந்தது. கொழுத்த மாடு ஒன்றைக் காட்டி, வெட்டிச் சுத்தம் செய்தபின் எத்தனை பவுண்டு தேறும் என்று எழுதிப் போடும் போட்டி வைத்தார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளர் போட்டி முடிந்ததும் அந்தச் சீட்டுகளை வாங்கிக் கணக்குப் பார்த்தார். தேறிய 787 சீட்டுகளை வரிசைப்படுத்தி நட்டநடுவில் இருந்ததை எடுத்தால் 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. தவறு ஒரு சதவீதம்கூட இல்லை. 1907 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்.

இந்தக் கதையை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். சொல்லும்போது விட்டுவிடுகிற பகுதிதான் முக்கியம். சீட்டுக்கு ஆறு பென்ஸ் கட்டணம் இருந்தது. விளையாட்டுக்கு எழுதுகிறவர்களை அந்தக் காசு தள்ளி நிறுத்தியது என்று கால்டனே சொல்கிறார். எழுதியவர்களில் கசாப்புக்காரர்களும் விவசாயிகளும் இருந்தார்கள். மாடு எல்லார் கண்ணுக்கும் முழுசாகத் தெரிந்தது. வாலை மட்டும் காட்டி எடை கேட்கவில்லை. பக்கத்தில் நிற்பவர் என்ன எழுதினார் என்று பார்த்து எழுத வழியில்லை. கடைசியில் மாட்டை வெட்டி நிறுத்தார்கள், யார் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்துபோனது.

இணையத்தில் ஒரு ஆளைப் பற்றித் தீர்ப்பு சொல்லும்போது இவற்றில் எது இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை.

ஆயிரம் பேர் என்றால் ஆளுக்கு ஆள் தவறு ஈடுகட்டிக்கொள்ளாதா?

ஆளுக்கு ஒரு பக்கம் தவறினால் ஈடுகட்டும். ஒருவர் 1,100 என்பார், இன்னொருவர் 1,300 என்பார், நடுவில் உண்மை சிக்கும். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் சராசரியும் அந்தப் பக்கம்தான் போய் விழும். கோணல் தராசில் ஆயிரம் தடவை நிறுத்தாலும் எடை சரியாகாது.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் கொந்தோர்சே 1785-லேயே இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். ஆம் அல்லது இல்லை என்று ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் சரியாகச் சொல்ல 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது, ஒருவரை ஒருவர் பார்த்து எழுதுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். 101 பேர் வாக்களித்தால் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு சுமார் 98 சதவீதம். அபாரம். இப்போது அந்த 60-ஐ 40 ஆக்குங்கள். பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு சுமார் 2 சதவீதமாக விழுகிறது. ஆள் சேரச் சேர, தப்பு இன்னும் உறுதியாகிக்கொண்டே போகும்.

ஆக, எத்தனை பேர் சொன்னார்கள் என்பது இரண்டாவது கேள்வி. சொன்ன ஒவ்வொருவருக்கும் உண்மையின் பக்கம் கொஞ்சமாவது சாய்வதற்குக் காரணம் இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. ஒரு பக்கக் கதையைப் படித்தவருக்கு அந்தக் காரணம் எங்கிருந்து வரும்? எழுதியவர் எதை விட்டாரோ அதே திசையில்தான் படித்த எல்லாரும் சாய்வார்கள். ஆயிரம் பேர் படித்ததால் சாட்சி ஆயிரம் ஆகிவிடாது. சாட்சி ஒன்றுதான்.

எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்களே, அதற்கு மதிப்பு இல்லையா?

தனித்தனியாக யோசித்து ஒரே இடத்துக்கு வந்திருந்தால் மதிப்பு உண்டு. மேலே இருக்கும் கருத்தைப் படித்துவிட்டு, அதற்கு விழுந்த விருப்பக்குறிகளையும் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால், எதிரொலியைத்தான் எண்ணுகிறோம்.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2006-ல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு, பேர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் கேட்கக் கொடுத்தார்கள். வந்தவர்களில் ஒரு பகுதியை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டு எத்தனை முறை இறக்கப்பட்டது என்று காட்டினார்கள். பாட்டுகள் அதேதான், ஆனால் எட்டு உலகத்திலும் எட்டு விதமான வரிசை. ஒரு உலகத்தில் முதலிடம் பிடித்த பாட்டு இன்னொன்றில் 40-வது இடம். மிக நல்ல பாட்டு அடியில் போவதும் மிக மோசமானது உச்சிக்கு வருவதும் அபூர்வம்தான். நடுவில் இருப்பவற்றுக்கு எதுவும் நடக்கலாம். முதலில் வந்த சிலர் எதைக் கிளிக் செய்தார்கள் என்பது பின்னால் வந்தவர்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போனது.

2013-ல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் நேரடியானது. ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை எடுத்து, சிலவற்றுக்குக் குருட்டாம்போக்கில் ஒரே ஒரு ஆதரவு வாக்கை ஆய்வாளர்களே போட்டார்கள். அந்த ஒற்றை வாக்கினால் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடிவிட்டது. எதிர் வாக்கு போட்டவற்றைக் கூட்டமே சரிசெய்துவிட்டது; பொய்யான ஆதரவைச் சரிசெய்யவில்லை. முதல் ஆள் "இவன்தான்" என்றால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

சூரிக்கில் 144 மாணவர்களை வைத்து நடத்தி 2011-ல் வெளியிட்ட சோதனையும் இதே ரகம். மற்றவர்களின் கணிப்பைக் காட்டியதும் எல்லாருடைய பதில்களும் ஒன்றையொன்று நெருங்கின. உண்மையை நெருங்கவில்லை. நம்பிக்கை மட்டும் கூடியது. கூட்டத்தில் நடக்கும் மிக மோசமான விஷயம் இதுதான் என்பேன்.

பாஸ்டனில் என்னதான் நடந்தது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சுருக்கமாகச் சொன்னால் அதன் பாடம் போய்விடும், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

2013 ஏப்ரல் 15, திங்கட்கிழமை. அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில், பாய்ல்ஸ்டன் தெருவில் இரண்டு குண்டுகள் வெடித்தன. மூன்று பேர் இறந்தார்கள், 260-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அன்று அங்கே நின்றவர்களின் கைபேசிகளில் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தன. ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் குண்டு வைத்தவர்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு குழு தொடங்கினார்கள். முதுகுப்பை மாட்டியவர்கள், ஓட்டத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தவர்கள், தனியாக நின்றவர்கள் என்று முகங்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்கள். நோக்கம் நல்லதுதான். உழைப்பும் கொஞ்சநஞ்சமல்ல.

சிக்கல் கணக்கில் இருந்தது. கூடியிருந்தவர்கள் ஒரு லட்சம் பேர் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நிரபராதிகளில் நூற்றில் 99 பேரைச் சரியாக விட்டுவிடும் அளவுக்குக் கூர்மையான கண் உங்களுக்கு இருந்தால்கூட, சுமார் 1,000 நிரபராதிகள் உங்கள் சந்தேகப் பட்டியலில் வந்து நிற்பார்கள். குற்றவாளிகள் இரண்டே பேர். முதுகுப்பை என்ற அடையாளம் அந்த அளவுக்குக்கூடக் கூர்மையானது இல்லை. மாரத்தான் பார்க்க வருபவர் பை இல்லாமல் வந்தால்தான் ஆச்சரியம்.

ஏப்ரல் 18 காலை 'நியூயார்க் போஸ்ட்' முதல் பக்கத்தில் இரண்டு இளைஞர்களின் படம் வந்தது. தேடப்படும் பைக்காரர்கள் என்ற பொருள்பட தலைப்பு. அவர்களில் ஒருவர் 17 வயதுப் பள்ளி மாணவர், ஓட்டத்தில் ஆர்வம் உள்ளவர், வேடிக்கை பார்க்க வந்தவர். இருவருக்கும் குண்டுவெடிப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவதூறு வழக்குப் போட்டார்கள். 2014-ல் சமரசத்தில் முடிந்தது.

அன்று மாலை அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. இரண்டு பேரின் படங்களை வெளியிட்டது. இணையத்திலும் ஊடகங்களிலும் அப்பாவிகள் மாட்டிக்கொள்வதை நிறுத்துவதும் அதற்கு ஒரு காரணம் என்று அப்போது செய்தி வந்தது. ஆனால் இரவு நிலைமை இன்னும் கெட்டது. சில வாரங்களாகக் காணாமல்போயிருந்த ஒரு கல்லூரி மாணவரின் முகம், வெளியான படத்தில் ஒருவரோடு ஒத்துப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். போலீஸ் வயர்லெஸ்ஸில் அவர் பெயர் சொல்லப்பட்டது என்று ஒரு ட்வீட் பறந்தது. ஒலிப்பதிவைப் பின்னர் தேடிப் பார்த்தபோது அப்படி எதுவும் அகப்படவில்லை. பத்திரிகையாளர்களே அந்தப் பெயரைப் பரப்பினார்கள். மகனைத் தேடுவதற்காகக் குடும்பம் தொடங்கியிருந்த ஃபேஸ்புக் பக்கத்தில் வசைகள் குவிந்து, அந்தப் பக்கத்தையே அவர்கள் எடுக்கவேண்டி வந்தது. ஏப்ரல் 23-ல் அந்த மாணவரின் உடல் ஆற்றில் கிடைத்தது. குண்டு வெடிப்பதற்கு முன்பே அவர் இறந்துபோயிருந்தார்.

உண்மையான ஆட்களைக் கண்டுபிடித்தது யார்? அந்த வழக்கில் பொதுமக்களால் ஒரு பயனும் இல்லையா?

பயன் உண்டு, அதுவும் பெரிய பயன். ஆனால் வேறு விதத்தில்.

புலனாய்வுக்காரர்களுக்குக் கிடைத்த படங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் பொதுமக்களும் கடைக்காரர்களும் கொடுத்தவைதான். குண்டில் படுகாயமடைந்த ஒருவர், பையை வைத்துவிட்டுப் போனவனை நேரில் பார்த்திருந்தார். மருத்துவமனையில் கண் விழித்ததும் அங்க அடையாளம் சொன்னார். குண்டு வைத்தவர்கள் அண்ணன் தம்பி இருவர். ஏப்ரல் 19 அதிகாலை நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப்பின் இறந்த மூத்தவனின் பெயர் கைரேகையில் தெரிந்தது. தம்பி அன்று மாலை வாட்டர்டவுன் என்ற ஊரில் பிடிபட்டதற்குக் காரணம் ஒரு வீட்டுக்காரர். கொல்லையில் நிறுத்தியிருந்த படகின் மூடுதுணி கலைந்திருப்பதைக் கவனித்து எட்டிப் பார்த்து போலீசைக் கூப்பிட்டார்.

இவர்களில் யாரும் யார் குற்றவாளி என்று வாக்களிக்கவில்லை. தன் கண்ணில் பட்டதை, கேட்க வேண்டியவரிடம் சொன்னார்கள். படகுக்காரருக்குத் தெரிந்த விஷயம் உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. வட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்த அதே படங்கள்தான்.

தவறு தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டார்களே?

கேட்டார்கள். ரெட்டிட் நிர்வாகம் ஏப்ரல் 22-ல் பகிரங்கமாகவே மன்னிப்புக் கேட்டது. ஆனால் யார் செய்த தப்புக்கு? ஒருவர் படத்தை ஒப்பிட்டார். ஒருவர் "இருக்கலாம்" என்றார். ஒருவர் பெயரை ட்வீட் செய்தார். பல்லாயிரம் பேர் பகிர்ந்தார்கள். ஒவ்வொருவரும் செய்தது கடுகளவு. குடும்பத்தின் தலையில் விழுந்தது முழு மலை. போலீஸ்காரர் தவறாகக் கைது செய்தால் அவர் பெயர் இருக்கும், மேலதிகாரி இருப்பார், கோர்ட் இருக்கும். இங்கே யாரைப் போய்க் கேட்பது?

வீடியோவே இருக்கும்போது என்ன சந்தேகம்? கண்ணால் பார்ப்பது பொய்யா?

பொய் இல்லை, பாதி. 2019 ஜனவரி 18-ல் வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன்னால் ஒரு பள்ளி மாணவர், மேளம் அடித்துக்கொண்டிருந்த பழங்குடிப் பெரியவர் ஒருவரின் எதிரில் சிரித்தபடி நிற்கும் சின்ன வீடியோ பரவியது. வெள்ளைக்காரத் திமிர் என்று உலகமே தீர்ப்பு எழுதியது. அவர் படித்த கத்தோலிக்கப் பள்ளியின் மறைமாவட்டமே மாணவர்களைக் கண்டித்து அறிக்கை விட்டது. பிறகு மணிக்கணக்கில் ஓடும் முழு வீடியோ வந்தது. மூன்றாவதாக ஒரு குழு அதற்கு முன்பிருந்தே மாணவர்களைக் கண்டபடி ஏசிக்கொண்டிருந்ததும், பெரியவர்தான் இரு தரப்புக்கும் நடுவே நடந்து வந்ததும் அதில் தெரிந்தது. மறைமாவட்டம் மன்னிப்புக் கேட்டது. அந்த மாணவர் போட்ட அவதூறு வழக்கில் சி.என்.என். 2020-ல் சமரசம் செய்துகொண்டது. இதற்கிடையில் வேறொரு மாணவரை அவர் என்று நினைத்து அந்தக் குடும்பத்தையும் மிரட்டினார்கள். அந்தப் பையன் அன்று தன் குடும்பத் திருமணம் ஒன்றில் இருந்தான்.

முழு வீடியோவைப் பார்த்த பிறகும் அந்த மாணவர் நடந்துகொண்டது சரியில்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நினைக்கட்டும். பார்த்துவிட்டு நினைக்கிறார்கள், அதுதான் வித்தியாசம்.

நிறம்கூடவா கூட்டத்துக்குச் சரியாகத் தெரியாது?

2015 பிப்ரவரியில் இணையத்தில் நிறச் சண்டை கிளப்பிய அந்த உடைப் படத்தைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உடை நிஜத்தில் நீலம், கருப்பு. வெள்ளை, தங்க நிறம் என்று சத்தியம் செய்தவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். எத்தனை பேர் வாக்களித்தாலும் தீராத விஷயம், கடையில் அந்த உடையைப் பார்த்ததும் தீர்ந்தது.

ஆளைப் பார்த்தவுடன் எடை போடத் தெரியும் என்கிறார்களே சிலர்?

எல்லாருக்குமே அப்படித் தோன்றும். பிரின்ஸ்டனில் வில்லிஸ், தொடரோவ் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முகத்தை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே நம்பத் தகுந்தவரா, திறமைசாலியா என்று மனிதர்கள் முடிவு கட்டிவிடுவது தெரிந்தது. நேரம் கூடுதலாகக் கொடுத்தாலும் முடிவு பெரிதாக மாறவில்லை. தன் முடிவின் மேல் உள்ள நம்பிக்கைதான் கூடியது.

இதற்கு எதிர்ப் பக்கம் எப்போதும் காட்டப்படும் ஆய்வு 1993-ல் அம்பாடி, ரோசன்தால் செய்தது. ஆசிரியர்கள் வகுப்பெடுக்கும் அரை நிமிடத்துக்கும் குறைவான, ஒலி இல்லாத வீடியோவைப் பார்த்து அந்நியர்கள் போட்ட மதிப்பெண், பருவம் முழுவதும் அவரிடம் படித்த மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணோடு நன்றாகவே பொருந்தியது. பார்த்தீர்களா, அரை நிமிடம் போதும் என்பார்கள். ஆனால் இரண்டுமே அந்த ஆசிரியர் ஏற்படுத்திய எண்ணத்தைத்தான் அளக்கின்றன. சுறுசுறுப்பான ஆசிரியர் அரை நிமிடத்திலும் சுறுசுறுப்பு, ஆறு மாதத்திலும் சுறுசுறுப்பு. அவரிடம் படித்த பிள்ளைக்குக் கணக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. "இந்த மேனேஜர் முகத்தைப் பார்த்தாலே திருடன்னு தெரியுது" என்று எழுதுபவருக்கும் இதே பதில்தான். அந்த முகம் பலருக்கு அப்படித் தோன்றலாம். கல்லாப்பெட்டியில் என்ன நடந்தது என்று முகத்துக்குத் தெரியாது.

இதெல்லாம் அமெரிக்கா, இங்கிலாந்து. நம் ஊரில்?

நம் ஊரில் இன்னும் மோசமாக நடந்திருக்கிறது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே. குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து வந்த குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. வயதான அம்மா அங்கே இருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வாரக்கணக்கில் செய்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம். ஊர் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார், உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 1-ல் மகாராஷ்டிராவின் துளே மாவட்டத்தில் இதே வதந்தியில் ஐந்து பேரை அடித்துக் கொன்றார்கள்.

அந்த நாட்களில் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த விளம்பரம். கடைசியில் அவர்களே திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு ஒரு எச்சரிக்கை அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாமல் செய்தது. வேகம் குறைந்தது, அவ்வளவுதான்.

அடித்தவர்கள் அந்நியர்கள் இல்லையே, ஊர்க்காரர்கள்தானே என்று கேட்கலாம். அந்தக் குடும்பத்துக்கு அவர்கள் அந்நியர்கள். தீர்ப்பும் அந்த இடத்தில் பிறக்கவில்லை. வாட்ஸ்அப்பில் முன்னாடியே எழுதி வைத்திருந்தார்கள். ஆள் வந்து சிக்க வேண்டியதுதான் பாக்கி.

என் வீட்டுப் பிரச்சினையைப் பெயர் சொல்லாமல் எழுதி, யார் மேல் தப்பு என்று கேட்கலாமா?

கேட்கலாம். பதிலை என்ன செய்வீர்கள் என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு: "கல்யாணமாகி மூன்று வருஷம். எந்த விஷயத்திலும் அவர் அம்மா சொல்வதுதான் முடிவு. நேற்று என் தம்பி வந்தபோது ஒரு வாய் காபிகூடக் கொடுக்கவில்லை. கேட்டதற்கு என் கணவர் என்னையே திட்டுகிறார். நான் என்ன செய்ய?" இந்தப் பத்தியில் வீட்டு வாடகை யார் கொடுக்கிறார்கள் என்று இல்லை. போன மாதம் அந்தத் தம்பி வந்தபோது என்ன நடந்தது என்று இல்லை. மாமியாருக்கு உடம்பு எப்படி என்று இல்லை. எழுதியவர் திட்டமிட்டு மறைக்கவில்லை, மனசு கொதிக்கும்போது அதெல்லாம் நினைவுக்கு வராது. படிப்பவர் அந்த ஓட்டைகளைத் தன் சொந்த அனுபவத்தை வைத்து அடைத்துக்கொள்வார். மாமியாரிடம் பட்டவர் ஒரு விதமாக, மகனுக்குக் கல்யாணம் செய்துவைத்தவர் இன்னொரு விதமாக.

பதில் எழுத உட்காருகிறவர் யார் என்பதையும் பாருங்கள். இதே சண்டை வந்து, அடுத்த வாரம் தானாகவே சமாதானம் ஆன பெண்ணுக்கு எழுத ஒன்றும் இல்லை. காயம் ஆறாதவர்தான் எழுதுவார். அதனால் பதில்களின் மொத்தச் சாய்வு எப்போதும் உறவை முறிக்கும் பக்கம். "டைவர்ஸ் பண்ணிடுங்க" என்று எழுத ஒருவருக்கு அரை நிமிடம் ஆகும், காசும் செலவில்லை. அடுத்த மாத வாடகை, பிள்ளையின் பள்ளி, அம்மா வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும் என்பதெல்லாம் உங்கள் கணக்கு.

ஆனால் அந்நியர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களும் உண்டு. குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசனை எப்படி நடக்கும், எந்தக் காகிதங்கள் வேண்டும், இந்த மாதிரி வேறு யாருக்கு நடந்தது, அவர்கள் என்ன செய்தார்கள். இவற்றைக் கேளுங்கள். பத்துப் பேர் பத்து அனுபவம் சொன்னால் ஒவ்வொன்றும் புதுத் தகவல். 'தப்பு யார்மேல்' என்று கேட்டால் பத்துப் பேர் சொல்வதும் உங்கள் பத்தியின் நகல்தான்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்கிக்கொள்வது, வெளியே போக விடாமல் வைத்திருப்பது. இவற்றைப் பல வருஷம் சகித்தவருக்கு இது சாதாரணம் இல்லை என்று நாலு அந்நியர்கள் சொல்வது பெரிய உதவி. அங்கே அவசரத் தீர்ப்பு தவறினாலும் பாதுகாப்பின் பக்கம்தான் தவறும். அப்புறம் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

இரண்டு பக்கமும் நியாயமாக எழுதிவிட்டால்?

உங்கள் கணவர் பக்கத்தையும் நீங்கள்தானே எழுதுகிறீர்கள்?

நீதிமன்ற ஜூரியும் அந்நியர்கள்தானே? அதை நாம் ஏற்றுக்கொண்டோமே?

ஏற்றுக்கொண்டு, பிறகு விட்டும்விட்டோம். ஆனாலும் ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு சொல்ல உட்காரவைக்கும் பொதுமக்கள் குழு, வேறு. இரு தரப்பையும் கேட்பார்கள், குறுக்கு விசாரணை நடக்கும், நாள்கணக்கில் உட்கார வேண்டும், மேலே ஒரு நீதிபதி இருப்பார். இத்தனைக்கும் பிறகும் தடுமாறியிருக்கிறார்கள். 1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி கே.எம். நானாவதி தன் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், 'பிளிட்ஸ்' வார இதழ் அவருக்கு ஆதரவாக வரிந்து கட்டிக்கொண்டு எழுதியது. ஊரே அவர் பக்கம். ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றமற்றவர் என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே குற்றம் உறுதியானது, 1961-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதுதான் இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு என்று அடிக்கடி எழுதுகிறார்கள், அது சரியில்லை. சில இடங்களில் அதன் பிறகும் ஜூரி இருந்தது, 1973-ம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடுதான் குற்ற வழக்குகளில் முற்றாகப் போனது.

கவனிக்க வேண்டியது, ஜூரி தவறியபோது திருத்த மேலே ஆள் இருந்தது.

ஹோட்டல் ரேட்டிங்கையும் நம்பக் கூடாதா?

ஓரளவு நம்பலாம். அங்கே சாப்பிட்டவர் தன் நாக்கால் சாப்பிட்டார், வேறு வேறு நாளில் சாப்பிட்டார். காசு கொடுத்து எழுதவைப்பது தனி வியாதி.

அந்நியர்களின் கூட்டம் உண்மையிலேயே நன்றாக வேலை செய்த இடம் ஏதாவது?

எனக்கு மிகவும் பிடித்தது 2007-ல் தொடங்கிய 'கேலக்ஸி ஜூ'. தொலைநோக்கி எடுத்த சுமார் 9 லட்சம் விண்மீன் மண்டலங்களின் படங்களை இணையத்தில் வைத்து, இது சுருள் வடிவமா, முட்டை வடிவமா, சுருள் என்றால் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பொதுமக்களைக் கேட்டார்கள். முதல் ஆண்டில் 5 கோடிக்கும் மேற்பட்ட பதில்கள். ஒவ்வொரு படத்தையும் பலர் தனித்தனியாகப் பார்த்தார்கள், அடுத்தவர் பதில் தெரியாது. வானியலாளர்கள் செய்த வகைப்படுத்தலோடு ஒத்துப்போகும் தரத்தில் முடிவுகள் வந்தன.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. இடஞ்சுழியாகச் சுற்றும் மண்டலங்கள் அதிகமாக இருப்பதுபோல் கணக்கு வந்தது. உண்மையென்றால் அண்டத்தைப் பற்றிய பெரிய செய்தி. சந்தேகப்பட்ட ஆய்வாளர்கள் சில படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மறுபடி காட்டினார்கள். திருப்பிய பிறகும் இடஞ்சுழிதான் அதிகம் என்று பதில் வந்தது. சாய்வு அண்டத்தில் இல்லை, பார்ப்பவர்களிடம் இருந்தது. கோடிப் பதில்கள் சேர்ந்தும் அந்தச் சாய்வு கரையவில்லை. படத்தைத் திருப்பிப் பார்க்க முடிந்ததால் பிடிபட்டது. ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பை அப்படித் திருப்பிப் பார்க்க வழி இருக்கிறதா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோல் 2017 முதல் நடத்தும் முயற்சி ஒன்றும் நல்ல முன்மாதிரி. குழந்தைகளுக்கு எதிரான குற்றப் படங்களிலிருந்து பொருள்களை மட்டும் வெட்டி எடுத்துப் போடுகிறார்கள். ஒரு பை, ஒரு ஷாம்பு பாட்டில், ஒரு திரைச்சீலை. இது எந்த நாட்டில் விற்கிறது என்று தெரியுமா என்பதுதான் கேள்வி. ஆளின் முகம் காட்டுவதில்லை, யாரையும் சந்தேகப்படச் சொல்வதில்லை. பாஸ்டனில் வட்டம் போட்டவர்களிடம் இருந்த அதே ஆர்வத்தைத்தான் இங்கேயும் பயன்படுத்துகிறார்கள்.

போலீசும் நிர்வாகமும் காது கொடுக்காதபோது இணையம்தானே ஒரே வழி? அதையும் மூடிவிடச் சொல்கிறீர்களா?

இல்லை. இந்தக் கேள்வி நியாயமானது, இதைத் தட்டிக்கழிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தனக்கு நடந்ததைத் தன் வாயால் சொல்வது சாட்சியம். அதைக் கேட்ட பலர் சேர்ந்து விசாரணை நடத்தச் சொல்லிக் குரல் கொடுப்பது அழுத்தம். இரண்டும் வேண்டியவை, பல வழக்குகள் அப்படித்தான் பதிவே ஆகியிருக்கின்றன. நான் சொல்லும் குறை மூன்றாவதில்: சாட்சியும் இல்லாத, பாதிக்கப்படவும் இல்லாதவர்கள் விசாரணைக்கு முன்பே பெயர், முகவரி, வேலை பார்க்கும் இடம் தேடிக் கொடுத்துத் தண்டனையையும் ஆரம்பித்துவிடுவது. அது பாதிக்கப்பட்டவருக்கும் உதவாது. தப்பான ஆளைப் பிடித்துவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

என்னைப் பற்றியே இப்படி ஒரு தவறான தீர்ப்பு பரவினால் என்ன செய்வது?

முதலில் பதில் சண்டைக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு பதிலும் பதிவை மேலே தூக்கிவிடும். தேதி, நேரம், கணக்கின் பெயர், இணைப்பு எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மின்னணுச் சான்றாக நீதிமன்றத்தில் காட்ட, பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும், அதனால் எடுத்த கருவியைப் பத்திரமாக வைத்திருங்கள். 2021-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி சமூக ஊடக நிறுவனங்கள் குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும்; அவருக்கு எழுதுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது.

மிரட்டல் வந்தால் காத்திருக்க வேண்டாம், சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். அவதூறு, குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் வருகிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. நஷ்டஈட்டுக்கு உரிமையியல் வழக்கு தனி. ஆயிரம் பேர்மீது வழக்குப் போட முடியாது, முதலில் எழுதியவரையும் அதிகம் பரப்பியவர்களையும்தான் வழக்கறிஞர் தேர்ந்தெடுப்பார். ஸ்கிரீன்ஷாட்டை எல்லாம் நோட்டீஸ் போவதற்கு முன்பே எடுத்து முடித்துவிடுங்கள். நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றைக்கே பதிவை நீக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.